நடுத்தாளில் வந்த நாய்

எடை மெஷினில் ஏறி நின்றபோதே மேஸ்திரி முடிவு பண்ணிவிட்டார். இந்த வாரத்தோடு சரி. இனிமேல் இந்த ஆஸ்பத்திரிப் படியை மிதிப்பதில்லை.

கோபத்தில் எடுத்த முடிவு இல்லை அது. கோபம் வந்தால் நாலு பேரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டு, சாப்பிட்டுத் தூங்கி, மறுநாள் மறந்துபோகிற ஆள் அவர். இது சலிப்பு. சலிப்பு அப்படிப் போகாது. ஈரச் சுவரில் பிடித்த பாசி போல, சுரண்டச் சுரண்டத் திரும்பி வரும். வாரத்துக்கு மூன்று தடவை வரவேண்டும். வந்து எடை பார்க்கவேண்டும். கையில் இரண்டு ஊசி குத்துவார்கள். சாக்கு தைக்கிற ஊசி கொஞ்சம் மெலிசு என்று சொல்லலாம். ஒரு குழாயில் ரத்தம் வெளியே போகும், மெஷினுக்குள் சுற்றிச் சுத்தமாகும், இன்னொரு குழாயில் திரும்பி வரும். வேலை செய்யமாட்டேன் என்று படுத்துவிட்ட சிறுநீரகத்துக்குப் பதிலாக ஒரு இரும்புப் பெட்டி அரை நாள் நின்று வேலை பார்க்கும். முடிந்து வீட்டுக்குப் போனால் அன்றைக்குப் பூரா துவைத்துப் பிழிந்த துணி. மறுநாள் கொஞ்சம் மனுஷன். அதற்கு மறுநாள் மறுபடியும் எடை மெஷின்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். யாரும் ஒளிக்கவில்லை. அதையும்தான் யோசித்தாயிற்று.

"ரெண்டரை கிலோ ஏறியிருக்கு தாத்தா. தண்ணி குடிச்சீங்களா?" என்றாள் நர்ஸ்.

"குடிச்சா என்ன, உங்க வீட்டுக் குழாயில தண்ணி நின்னுபோச்சா? அப்புறம், தாத்தாங்காதே. உங்கப்பனைப் பெத்தவன் நான் இல்ல."

"சரி தாத்தா. மூணாம் கட்டில்."

மேஸ்திரி யாரையும் சுலபத்தில் நம்பமாட்டார். அந்த எடை மெஷினை நம்பவில்லை. ஒரு தடவை தன் சட்டையைக் கழற்றி அதன்மேல் வைத்துப் பார்த்தார், முள் அசையவே இல்லை. ரத்தம் சுற்றுகிற பெட்டியையும் நம்பவில்லை. உள்ளே போனதெல்லாம் வெளியே வருகிறதா என்று யார் கண்டது? ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? இதை நர்ஸிடமே கேட்டார். "உங்க ரத்தத்தை வச்சு என்ன பண்றது தாத்தா, காரமா இருக்குமே," என்றாள். அவளிடம் மட்டும் அவரால் பேசி ஜெயிக்க முடியாது.

வாழ்நாள் பூரா கட்டடம் கட்டினவர். ஐந்து வகுப்புக்கூட முழுசாகப் படிக்கவில்லை. எழுத்தைக் கூட்டிப் படிப்பார். கடைப் பலகை படிப்பார், பஸ்ஸின் நெற்றியில் இருக்கிற ஊர்ப்பெயர் படிப்பார். அதற்கு மேல் படிப்பு அவருக்குத் தேவைப்பட்டதில்லை. சுவர் நேராக இருக்கிறதா என்பதைத் தூக்குக்குண்டு சொல்லிவிடும்.

அப்படிப்பட்ட மனுஷனைப் பொம்மைப் புஸ்தகம் படிக்க வைத்தது பக்கத்துக் கட்டில் டிரைவர்.

அந்த அறையில் ஆறு கட்டில். ஜன்னலோரம் டிரைவர். ஓய்வு பெறுவதற்குள் உடம்பு படுத்துக்கொண்டதால் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்பட்டவர். தொப்பை, நரைத்த மீசை, ஓயாத வாய். அவர் ஒவ்வொரு தடவையும் ஒரு காமிக்ஸ் புஸ்தகத்தோடு வருவார். மெஷினோடு கை கட்டிப்போட்ட பிறகு, இன்னொரு கையால் அதை நெஞ்சின்மேல் நிறுத்திக்கொண்டு தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருப்பார். தொப்பை குலுங்கக் குலுங்கப் புஸ்தகமும் குலுங்கும்.

"ஏம்ப்பா, வயசு என்ன ஆச்சு உனக்கு? பால் குடிக்கிற பிள்ளையா நீ?" என்று முதல் நாள் மேஸ்திரி கேட்டார்.

"அண்ணே, ஒத்தைக் கையால பேப்பர் மடிச்சுக் காட்டுங்க பார்ப்போம்."

மேஸ்திரி மடித்துப் பார்த்தார். முடியவில்லை. பேப்பர் விரிந்து மூஞ்சியில் விழுந்தது. மடிக்கப் போனால் ஊசி குத்திய கையும் சேர்ந்து வருகிறது, மெஷின் கத்துகிறது, நர்ஸ் ஓடி வந்து திட்டுகிறாள். சுவரில் ஒரு டிவி உண்டு. சத்தத்தை நிறுத்தி வைத்திருப்பார்கள். அதில் ஆட்கள் வாயை வாயைத் திறந்து மூடுவார்கள், மீன் தொட்டி பார்ப்பதுபோல.

"தடிப் புஸ்தகம்னா கை நோவும். எழுத்து மட்டும் இருந்தா, கண்ணு செருகி முழிக்கும்போது எந்த வரியில விட்டோம்னு தெரியாது. இது அப்படி இல்ல. ரெண்டு டிரிப்புக்கு நடுவுல ஸ்டியரிங்மேல வச்சுப் படிப்பேன். பாதியில கண்டக்டர் விசில் அடிப்பான், வண்டியை எடுத்துருவேன். திரும்பி வந்து பிரிச்சா, விட்ட இடத்துல படம் எனக்காகக் காத்துக்கிட்டு நிக்கும். என் பொண்டாட்டிகூட அப்படி நின்னதில்ல."

"நிக்காம இருந்ததுதான் அந்தம்மாவோட புத்திசாலித்தனம்," என்றார் மேஸ்திரி. ஆனால் கையை நீட்டினார்.

ஓசியில் எவனாவது எதையாவது கொடுத்தால் அதில் ஏதோ உள்குத்து இருக்கும் என்பது அவர் கணக்கு. அதனால் முதல் சில நாள் படிப்பதுபோல் படிக்காமல், குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். இந்தப் பாலம் நிற்காது. இந்தக் கதவுக்கு மேலே தாங்குகல் இல்லை, மழை பெய்தால் வீடு விழும். இவன் குதிக்கிற மாடிக்கும் அடுத்த படத்தில் இருக்கிற மாடிக்கும் உயரம் ஒத்துவரவில்லை. டிரைவர் எல்லாவற்றுக்கும் "ஆமாண்ணே, கான்ட்ராக்டர் சரியில்ல" என்பார்.

பிறகு எப்போது என்று தெரியாமல் அவருக்கே அது பிடித்துப்போனது. படத்தைவிட, படத்துக்கும் படத்துக்கும் நடுவில் விட்டிருக்கிற வெள்ளைக் கோடு பிடித்தது. ஒரு கட்டத்தில் ஒருத்தன் கிணற்றில் விழுகிறான். அடுத்த கட்டத்தில் தலை துவட்டிக்கொண்டு நிற்கிறான். எப்படி ஏறினான், எத்தனை தடவை வழுக்கினான், முட்டி எப்படி எரிந்தது, ஒன்றும் கிடையாது. அந்த வெள்ளைக் கோட்டிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. கொடுத்து வைத்த பயல் என்று மேஸ்திரி நினைத்துக்கொண்டார். ஊசி குத்துவது ஒரு கட்டம், ஊசியை எடுப்பது அடுத்த கட்டம் என்று தன்னையும் யாராவது வரைந்தால் தேவலை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்த அறைக்குள் குண்டூசியோ கம்பிப் பின்னோ கொண்டுவரக் கூடாது என்பது நர்ஸின் சட்டம். எப்போதோ ஒருத்தர் படுக்கையில் பின் விழுந்து, குழாயில் குத்தி, பெரிய ரகளை ஆகியிருக்கிறது. அதனால் டிரைவர் வெளியே செருப்பு விடுகிற இடத்திலேயே உட்கார்ந்து, புஸ்தகத்தின் முதுகிலிருக்கிற இரண்டு பின்னையும் நகத்தால் நிமிர்த்தி உருவிவிடுவார். பின் இரண்டும் செருப்போடு வெளியே இருக்கும். போகும்போது அதே பின், அதே ஓட்டை. அந்த ஒரு விஷயத்தில் ஆள் சுத்தமான வேலைக்காரன் என்று மேஸ்திரி ஒப்புக்கொண்டார், மனசுக்குள்.

பின் போனால் புஸ்தகம் வெறும் தாள்தான். ஒன்றுக்குள் ஒன்று செருகிய தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் படிக்கலாமே என்று பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அப்புறம்தான் தெரிந்தது, மேல் தாளில் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒட்டிப் பிறந்தவை என்பது. மேலே இருக்கிற பாதித் தாளை எடுத்தால் கதையின் தொடக்கமும் முடிவும் வரும், நடு வராது. உள்ளே இருக்கிற பாதியை எடுத்தால் நடு மட்டும்தான்.

"நடுவுல மடிச்ச இடத்துல கிழிச்சுடேன், முடிஞ்சுபோச்சு," என்றார் மேஸ்திரி.

"என் தோலைக் கிழிங்கண்ணே. புஸ்தகத்தைக் கிழிக்கச் சொல்லாதீங்க."

ஆக, மேஸ்திரிக்கு வெளித்தாள், டிரைவருக்கு உள்தாள். பாதி நேரம் ஆனதும் நர்ஸ் வந்து மாற்றிக் கொடுப்பாள். மாற்றுகிற சாக்கில் அவளும் இரண்டு படம் பார்த்துவிடுவாள். மேஸ்திரி எந்தக் கதையிலும் முதலில் தொடக்கம், உடனே முடிவு, கடைசியில் நடு என்றுதான் படித்திருக்கிறார். அந்த டிரைவர் நல்லதை எடுத்துக்கொண்டு ஓரத்தைத் தனக்குத் தள்ளுகிறான் என்ற சந்தேகம் அவருக்குக் கடைசிவரை தீரவில்லை.

எடை மெஷினில் நின்று முடிவு பண்ணிய அன்றைக்கு வந்தது நீலத்தொப்பிக்காரன் கதை.

மலை மேல் ஒரு ஊரில் காய்ச்சல். மருந்துப் பெட்டியோடு வந்த வண்டியைத் திருடர்கள் மறித்துக் கொண்டுபோய்விடுகிறார்கள். நீலத்தொப்பிக்காரன் தனியாகப் புறப்படுகிறான். சுற்றிலும் பனி. "நான் திரும்பி வராவிட்டால் என்னைத் தேடாதீர்கள்" என்று அவன் சொல்கிற இடத்தில் மேஸ்திரியிடம் இருந்த முன்பக்கங்கள் முடிந்தன. அடுத்த பக்கத்தில் ஒரே தாவலாக, கையில் கட்டுப் போட்டுக்கொண்டு, மருந்துப் பெட்டியோடு ஊருக்குள் நடந்து வருகிறான். கூடவே ஒரு நாய்.

மேஸ்திரி தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். நாய்தான். மண் நிறம். ஒரு காது கிடையாது, அறுந்த இடம் ஆறிப்போன மாதிரி கோடு போட்டிருந்தான் வரைந்தவன். கடைசிக் கட்டத்தில் ஊரே அவனைத் தூக்கிக் கொண்டாடுகிறது, அவனோ தனக்குக் கொடுத்த ரொட்டியைப் பிட்டு நாய்க்குப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

"யோவ், நாய் ஏதுய்யா?" என்றார் பக்கத்துக் கட்டிலைப் பார்த்து.

டிரைவருக்குக் கண் மூடியிருந்தது. உள்தாள் நெஞ்சின்மேல் கவிழ்ந்து கிடந்தது. தூங்குகிறான் என்று நினைத்தார். அப்புறம் அந்த முகத்தின் நிறத்தைப் பார்த்தார். ஈரச் சிமெண்டு நிறம்.

"சிஸ்டர்!" என்று கத்தினார். அதற்குள் மெஷினும் கத்த ஆரம்பித்திருந்தது. நர்ஸ் வந்தாள், இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், திரையை இழுத்தார்கள். ரத்த அழுத்தம் விழுந்துவிட்டது என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. திரைக்குக் கீழே மூன்று ஜோடிக் கால்கள் அங்குமிங்கும் போயின. கொஞ்ச நேரத்தில் தள்ளுவண்டி வந்தது. டிரைவரைப் படுக்கை விரிப்போடு சேர்த்துத் தூக்கி வைத்துக் கொண்டுபோனார்கள். உள்தாளும் அந்த விரிப்போடு போனது.

அறையில் மிச்சம் இருந்த ஐந்து பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை. இங்கே அது ஒரு வழக்கம். கட்டில் காலியானால் ஜன்னலைப் பார்ப்பார்கள், டிவியைப் பார்ப்பார்கள். மேஸ்திரி தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். நாய் ரொட்டி தின்றுகொண்டிருந்தது.

ஊசியை எடுத்துக் கட்டுப் போடும்போது, "அந்தாளு எப்படி இருக்கான்?" என்று கேட்டார்.

"மேல ஐசியூவுல இருக்கார் தாத்தா. பேசுறார்னு சொன்னாங்க."

"அவன் வாய் கடைசியிலதான் நிக்கும்," என்றார். தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். விட்டுவிட்டு வந்தால் ஆயம்மா குப்பையில் போட்டுவிடுவாள்.

மேஸ்திரியின் மகள் செருப்புக் கடையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்கள் காலைப் பிடித்துச் செருப்பு மாட்டிப் பார்க்கிற வேலை. அப்பாவை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டு, கடைக்கு ஓடி, திரும்ப ஓடி வந்து கூட்டிக்கொண்டு போவாள். கல்யாணம் ஆகி, சரிப்படாமல், அப்பாவோடு வந்து இருப்பவள். இரண்டு பேருக்கும் பேச்சு குறைவு. பேசினால் நறுக்கென்றுதான் இருக்கும்.

மறுநாள் அவள் சமையல்கட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மேஸ்திரிக்கு எந்தக் காயையும் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்துத்தான் கொடுக்கவேண்டும். காயில் இருக்கிற சத்து அவர் உடம்புக்கு ஆகாது. தண்ணீரோடு ருசியும் சாக்கடைக்குப் போய்விடும்.

"நான் நிறுத்திக்கிறேன்," என்றார்.

"எதை?"

"அதைத்தான். குழாய் மாட்டுறதை."

அவள் நறுக்கிக்கொண்டேதான் இருந்தாள். ஒரு காய் முழுசும் முடிந்தது. அடுத்ததை எடுத்தாள்.

"வலிக்குதா?"

"வலின்னா தாங்கிக்கலாம். போய்ப் படு, வா, போய்ப் படு, வா. என்னத்தைக் கட்டி முடிக்கப் போறேன் இதுல? நீயும் ஓடு ஓடுன்னு ஓடுறே. உன் மூஞ்சியைக் கண்ணாடியில பார்த்தியா?"

"என் மூஞ்சியை இழுக்காதே. உன் விஷயத்தைச் சொல்லு."

"அதான் சொல்லிட்டேன்ல."

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆகும்? ஊசி குத்துறது நானா? டாக்டர்கிட்டச் சொல்லு."

"நீயே சொல்லிடேன். உனக்குத்தான் அவங்ககிட்டப் பேச வரும்."

கத்தியைக் கீழே வைத்தாள். "இங்க பாருப்பா. நான் உன்னைக் கூட்டிட்டுப் போறவ. கூட்டிட்டுப் போவேன், கூட்டிட்டு வருவேன். வேண்டாம்னு சொல்றது உன் வேலை. நாளைக்குப் போறோம்ல, டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார். உன் வாயால அவர்கிட்டச் சொல்லு. அதுக்கப்புறம் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

நியாயமாகத்தான் இருந்தது. வேலையை விடுகிறவன் முதலாளியிடம் நேரில்தான் சொல்லவேண்டும். "சரி, சொல்றேன்," என்றார்.  வெந்த தண்ணீரை அவள் வடிகட்டியபோது ஆவி மூஞ்சியில் அடித்தது. முந்தானையால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அவர் நாற்காலியில் கண்ணயர்ந்து எழுந்தபோது, மகள் தரையில் உட்கார்ந்து அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதைக் கசக்காதே. அடுத்தவன் சாமான்."

"நடுவுல காணோமே."

"அது அவன்கூடப் போயிடுச்சு. நாயைப் பார்த்தியா? ஆரம்பத்துல நாயே கிடையாது. கடைசியில கூட வருது, என்னமோ கூடப் பொறந்தது கணக்கா. ஏது, எப்படின்னு ஒரு விளக்கம் கிடையாது."

"நடுவுல எங்கயாவது கிடைச்சிருக்கும்."

"எங்க கிடைச்சிருக்கும்? சுத்தியும் பனி. ஒரு மரம் கிடையாது, ஒரு வீடு கிடையாது. திருடனுங்க நாயா இருந்தா இவனைக் கடிச்சிருக்கணும். கடிச்ச நாய்க்கு எவன் ரொட்டி போடுவான்?"

அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நாயை விடுப்பா. பூட்ஸைப் பாரு."

"பூட்ஸுக்கு என்ன?"

"போகும்போது கயிறு கட்டுற பூட்ஸ். வரும்போது பட்டை போட்டது. அளவும் பெருசு, குதிங்கால்ல இடம் நிக்குது பாரு. இது இவனோட பூட்ஸ் இல்ல. யார்கிட்டருந்தோ வாங்கியிருக்கான், இல்ல செத்தவன் காலிலேர்ந்து கழட்டியிருக்கான்."

மேஸ்திரி வாங்கிப் பார்த்தார். அவள் சொன்னது சரிதான். நாயையே பார்த்துக்கொண்டிருந்ததில் காலைப் பார்க்கத் தோன்றவில்லை. "அப்போ நாயும் அந்த பூட்ஸ்காரனோடதா இருக்குமோ?" என்றார்.

"இருக்கலாம்."

"அவனைக் கொன்னுட்டா நாய் எப்படி இவன் பின்னாடி வரும்?"

"கொல்லாம இருந்திருப்பான். அவன் தானா செத்திருப்பான்."

"தானாவா?" என்றார் மேஸ்திரி. தாளை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். அப்புறம், "ஒண்ணும் ஒத்துவரல," என்று தாளை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டார்.

மறுநாள் எடை மெஷினில் ஏறும்போது, இது கடைசித் தடவை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மகள் கடைக்குப் போகவில்லை. ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்துவிட்டாள். ஊசி குத்தியாயிற்று. ரத்தம் குழாயில் ஓட ஆரம்பித்தது. ஜன்னலோரக் கட்டில் காலியாக, புது விரிப்போடு இருந்தது. மேஸ்திரி அந்தப் பக்கம் பார்க்காமல் டிவியைப் பார்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்துச் சக்கர நாற்காலிச் சத்தம் கேட்டது. டிரைவர். மூஞ்சி ஒடுங்கி, மீசை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. தொப்பை இறங்கியிருந்தது.

"என்னண்ணே, என் கட்டிலை வாடகைக்கு விட்டுட்டீங்களா?"

"எவன் வருவான், இவ்வளவு பெரிய பள்ளம் விழுந்த கட்டிலுக்கு?" என்றார் மேஸ்திரி. தலையை ஜன்னல் பக்கம் நன்றாகத் திருப்பிக்கொண்டார். "உள்தாள் எங்கய்யா?"

"உயிரோட வந்திருக்கேன், சௌக்கியமான்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"

"அதான் தெரியுதே. தாள் எங்க?"

டிரைவரைக் கட்டிலில் ஏற்றி, ஊசி குத்தி முடித்தார்கள். அப்புறம் நர்ஸ்தான் சொன்னாள். விரிப்போடு சேர்ந்து சலவைக்குப் போய்விட்டதாம். பெரிய மெஷினில் வெந்நீரில் சுற்றி, கூழாகி, ஆறேழு விரிப்பில் ஒட்டிக்கொண்டு வந்ததாம். சலவைக்காரர் வந்து சண்டை போட்டுவிட்டுப் போனாராம்.

மேஸ்திரிக்கு வந்த ஏமாற்றத்தை அவரே எதிர்பார்க்கவில்லை. வாய்க்குக் கிட்டே வந்த டீயைத் தட்டிவிட்ட மாதிரி இருந்தது.

"விடுங்கண்ணே. நான்தான் படிச்சுட்டேன்ல, சொல்றேன்," என்றார் டிரைவர்.

"நாய் எங்கேர்ந்து வந்துச்சு?"

"நாயா?" டிரைவர் மேலே விட்டத்தைப் பார்த்தார். "அது… ஒரு ஆறு வருதுண்ணே. ஆத்துல நாய் அடிச்சுக்கிட்டு வருது. இவன் குதிச்சுக் காப்பாத்துறான்."

"முன்னாடி பக்கத்துல ஆறு உறைஞ்சு கிடக்கு. அதுமேல வண்டியே போவுது."

"மேல உறைஞ்சிருக்கும்ணே. அடியில ஓடும்ல? ஐஸ் உடைஞ்சு நாய் உள்ள விழுந்துருச்சு."

"காது?"

"எந்தக் காது?"

"நாய்க்கு ஒரு காது இல்லய்யா."

"ஐஸ் வெட்டிருச்சு."

"ஐஸ் வெட்டின காயம் ரெண்டு நாள்ல ஆறித் தழும்பாகுமா? பூட்ஸ் எப்படி மாறிச்சு?"

"பூட்ஸ் மாறிச்சா?" என்றார் டிரைவர். அந்த முகத்தில் நிஜமான ஆச்சரியம் இருந்தது. மேஸ்திரி தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் உள்ளே வந்தார். ஒவ்வொரு கட்டிலாக நின்று, மூன்றாவது கட்டிலுக்கு வந்தார். வாசலில் மகள் எழுந்து நின்றாள், ஹெல்மெட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு.

"ஐயா, ஏதோ என்கிட்டச் சொல்லணும்னு உங்க பொண்ணு சொன்னாங்க. சொல்லுங்க."

"ஒரு நிமிஷம் இருங்க டாக்டர்," என்றார் மேஸ்திரி. "இந்த ஆளு பொய் சொல்லிக்கிட்டு இருக்கான்."

"நானா? அண்ணே!"

"சத்தியமாச் சொல்லு. உள்தாளைப் படிச்சியா நீ?"

டிரைவர் டாக்டரைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார். எந்தப் பக்கமும் வழி இல்லை. "படிக்கலண்ணே," என்றார். "படுத்ததுலேர்ந்தே கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. தாளைப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா கிடந்தேன். சொன்னா மெஷினை நிறுத்திட்டு மேல அனுப்பிடுவாங்கன்னு சொல்லல. ஒரு படம்கூடப் பார்க்கல."

"அப்போ ஆறு?"

"நீங்க கேட்டீங்களேன்னு…"

நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "அது திருடனுங்க நாய்தான் தாத்தா. அவங்கதான் காதை அறுத்திருப்பாங்க. அந்தக் கோபத்துல இவன் பக்கம் வந்துருச்சு," என்றாள்.

"பூட்ஸ்?" என்று வாசலிலிருந்து மகளின் குரல் கேட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள்.

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நல்ல மனுஷன், இளவயசு, தூங்கி ரொம்ப நாள் ஆன கண். "நான் மத்தவங்களைப் பார்த்துட்டு வரேன்," என்று நகர்ந்தார்.

அவர் திரும்பி வரும்வரை மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். சொல்லவேண்டியதை மனசுக்குள் அடுக்கிப் பார்த்தார். ஒன்றும் மாறவில்லை. கை கனத்தது. கெண்டைக்கால் இழுக்க ஆரம்பித்திருந்தது. நாக்கு காய்ந்து அண்ணத்தில் ஒட்டியது. பக்கத்துக் கட்டிலில் டிரைவர், "ஒருவேளை அங்க ஒரு கிழவன் தனியா இருந்திருப்பானோ? அந்த நாய், அந்த பூட்ஸ் எல்லாம் அவனோடதா இருந்து…" என்று மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் ஆரம்பித்து, பாதியில் தூங்கிப்போனார். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று மேஸ்திரி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். இறங்கியது.

"இப்போ சொல்லுங்க ஐயா," என்றார் டாக்டர்.

வாசலில் மகள் நின்றாள். அவள் பார்வையைத் தவிர்த்து விட்டத்தைப் பார்த்தார்.

"வாயில வச்சுக்க ஒரு ஐஸ் துண்டு தரச் சொல்லுங்க."

"அவ்வளவுதானா?"

"மத்தது இருக்கு. அது அடுத்த தடவை சொல்றேன். இப்ப அசதியா இருக்கு."

ஊசியை எடுத்து மேஸ்திரி வெளியே கிளம்பும்போது டிரைவர் விழித்துக்கொண்டார். "அண்ணே, அந்தக் கிழவன் கதை…"

"நல்லா யோசிச்சுட்டு வா. காது, பூட்ஸ் ரெண்டும் வரணும். ஆறு வரக்கூடாது."

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தார். காமிக்ஸாக இருந்தால் இது ஆஸ்பத்திரி வாசல், அடுத்த கட்டத்தில் வீட்டு நாற்காலி. நடுவில் ஒன்றும் இருக்காது. இங்கே சிக்னல் இருந்தது, வெயில் இருந்தது, தோண்டிப்போட்ட ரோடு இருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஊசி குத்திய கை விண்விண் என்று தெறித்தது. 

சிக்னலில் நின்றபோது, மகள் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள். "என்னதான் சொல்றான் அந்தாளு, பூட்ஸைப் பத்தி?"

"அவனுக்கு என்ன தெரியும்? பஸ் ஓட்டினவன். ஏதோ கிழவன்கிறான்."

"செத்துப்போன கிழவனா?"

"அது இன்னும் முடிவாகல," என்றார் மேஸ்திரி. "பச்சை விழுந்துருச்சு. பள்ளம் பார்த்துப் போ."